மெகாஹெர்ட்ஸில் வாழும் பெயர்

அலுவலக லேசர் அச்சுப்பொறிக்கு இரண்டு பாதுகாப்பு விதிகள் உண்டு. லேசர் ஒளி கண்ணில் படாதபடி பெட்டிக்குள் அடங்க வேண்டும். மின்சுற்றுகளிலிருந்து கசியும் அலைகள், அருகிலுள்ள வானொலியைக் குலைக்கக் கூடாது. இந்த ஒளியும் அலையும் ஒரே குடும்பம். அதைச் சோதனையில் மெய்ப்பித்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

1857இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். மின்காந்த அலைகள் உண்டு என்று மேக்ஸ்வெல் கணக்கில்தான் காட்டியிருந்தார். கார்ல்ஸ்ருஹே நகரில் பேராசிரியராக இருந்த ஹெர்ட்ஸ், ஓரிடத்தில் மின்பொறியை எழுப்பினார். கம்பித் தொடர்பே இல்லாமல், சற்றுத் தள்ளியிருந்த வளையத்தின் இடைவெளியிலும் சிறு பொறி தெறித்தது! அந்த அலைகள் ஒளியைப் போலவே எதிரொளிப்பதையும் 1888இல் காட்டினார்.

அவற்றால் நடைமுறைப் பயன் இருக்குமென்று அவர் எண்ணவில்லை. 1894 புத்தாண்டு நாளில், 36 வயதிலேயே மறைந்தார். வானொலியை அவர் கேட்டதே இல்லை.

இன்று அச்சுப்பொறியிலிருந்து கசியும் அலைகளைச் சோதிப்பவர்கள் அவற்றின் அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் குறிக்கிறார்கள். மாணவர்களே, பயன் உடனே தெரியாத கல்வியை வீண் என்று ஒதுக்காதீர்கள் என்பதே நான் இவரிடம் கற்ற பாடம்.