கணித மேதை ஒயிலர்

எண்ணையும் எழுத்தையும் கண்ணெனப் போற்றுவது நம் முன்னோர் மரபு. ஊனக்கண் இரண்டும் ஒளியிழந்த பின்னரும் எண்ணாகிய கண்கொண்டே உலகினை நோக்கிய பெரியார் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலே வாழ்ந்தார். அவரே லியோனாட் ஒயிலர். வங்கிக் கணக்கும், கடிதமும், ஒப்பந்தமும் கணினி வழியாகக் கடல் கடந்து செல்லும் இந்நாளில், அவற்றைக் களவினின்றும் பொய்யினின்றும் காக்கும் பூட்டுகளுள் ஒன்று அவர் நிறுவிய தேற்றத்தின் மீதே அமைந்துள்ளது. அன்னாரின் வரலாற்றைச் சுருங்கக் கூற ஈண்டுப் புகுகின்றோம்.

ஒயிலர் சுவிற்சலாந்து தேசத்துப் பாசல் நகரிலே 1707ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 15ஆந் திகதி பிறந்தார். தந்தையார் புரட்டஸ்தாந்து சமயக் குரு. மகனும் தம்மைப் போலக் குருத்துவப் பணி பூணவேண்டும் என்பது அவர் விருப்பம். பதின்மூன்றாம் வயதிற் பல்கலைக்கழகம் புகுந்த ஒயிலரின் உள்ளமோ கணிதத்தையே நாடிற்று. அக்காலத்திற் பெரும் புகழ் படைத்த கணிதப் பேராசிரியர் யொகான் பேர்னூலி அங்கே இருந்தார். தனிப்பாடம் சொல்ல அவருக்கு நேரமில்லை. ஆயினும், கற்கவேண்டிய நூல்களைக் குறித்துக் கொடுத்து, விளங்காத இடங்களை வாரம் ஒருமுறை வந்து வினாவுமாறு அனுமதித்தார். ஐயங்களைக் குறைத்துக்கொண்டு ஆசிரியரிடஞ் செல்லவேண்டும் என்னும் ஆர்வத்தால் மாணவர் தாமே முயன்று கற்றார். அவருடைய ஆற்றலைக் கண்ட பேர்னூலி தந்தையாரிடம் பரிந்துபேசி இசைவு பெற்றுத் தந்தார்.

1727இற் பாசல் நகரிலே பௌதிகப் பேராசிரியர் பதவியொன்றை ஒயிலர் நாடினார்; கிடைக்கவில்லை. பிறந்த ஊரில் இடம்பெறாத அவ்விளைஞர், இருபதாம் வயதில் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேக் நகர்க் கல்விக்கழகத்தை அடைந்தார். ஆங்கு நண்பராக வாய்த்த கோல்ட்பாக் என்பவர், பிரான்சிய அறிஞர் பெர்மா விட்டுச்சென்ற கூற்றொன்றினை 1729இல் அவருக்கு எழுதி, அதன் உண்மை யாதென வினவினார்.

அக்கூற்று வருமாறு: 3, 5, 17, 257, 65537 என்னும் எண்வரிசையில், ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து, எஞ்சியதை வர்க்கித்து, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும். இவ்வைந்தும் முதன்மை எண்கள். ஆதலின் பின்வருவன யாவும் முதன்மை எண்களே என்று பெர்மா நம்பினார். அடுத்து வருவது 4294967297. அஃது 641இனால் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் ஒயிலர் காட்டினார். தொண்ணூறாண்டுகளுக்கு மேலாக நிலவிய நம்பிக்கை ஒரு வகுத்தலால் வீழ்ந்தது. பெர்மா நிறுவாது விட்ட வேறொரு கூற்றினை ஒயிலர் முறையாக நிறுவினார். பின் அதனை விரித்துத் தாம் கண்ட பொதுத் தேற்றத்தை 1763இல் வெளியான கட்டுரையொன்றில் உலகுக்கு அளித்தார். இவற்றால் யாது பயன் என எவரேனும் அந்நாளில் வினவியிருப்பின், விடையிறுத்தல் அரிதாகவே இருந்திருக்கும்.

இதற்கிடையில் வாழ்வு அவரைப் பலவாறு சோதித்தது. 1738இல் வலக்கண் பார்வை போயிற்று. 1741 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் பேர்ளினிற் பணிபுரிந்தார். ஆங்குப் பிரெடெரிக் மன்னர் அவரது கண்குறையையும் எள்ளினார். 1766இல் மீண்டும் சென் பீற்றர்ஸ்பேக் சென்ற பின் இடக்கண்ணையும் புரை மூடிற்று. 1771இற் செய்த சத்திரசிகிச்சை சின்னாட்களே பயன்றந்தது. அவ்வாண்டிலேயே நகரில் மூண்ட பெருந்தீ அவர் இல்லத்தை எரித்தது. பாசல் நகரத்தவர் ஒருவர் தீக்குட் புகுந்து அவரைச் சுமந்து வந்து காத்தார். பதின்மூன்று மக்களுள் ஐவரே வளர்ந்து ஆளாயினர். இத்துணைத் துன்பத்திடையும் எழுதுவோர்க்கு வாயாற் சொல்லிச் சொல்லியே நூல்களை ஆக்கினார். அவருடைய எண்ணூற்றுக்கு மேற்பட்ட ஆக்கங்களிற் பெரும்பகுதி பார்வை மங்கிய பின்னர் எழுந்ததாகும். 1783ஆம் ஆண்டு செத்தெம்பர் 18ஆந் திகதி காலமானார்.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழிந்தன. 1976இல் டிபி, கெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பூட்டுந் திறவுகோலை ஊரறிய வெளியிட்டுத் திறக்குந் திறவுகோலை மட்டும் மறைத்து வைத்தல் கூடும் என்ற கருத்தை வெளியிட்டனர். அதற்குச் செயலுரு ஒன்றினை 1977இல் றிவெஸ்ற், சமீர், அடில்மன் என்னும் மூவர் கண்டனர். அவர்கள் எடுத்தாண்டது ஒயிலரின் தேற்றமே.

மாணவர்கள் தாமே செய்து பார்க்கச் சிறியதோர் உதாரணந் தருகின்றோம். 3, 11 என்னும் முதன்மை எண்களைப் பெருக்க 33. இரண்டிலும் ஒன்று குறைத்துப் பெருக்க 20. 33உடன் பொதுக்காரணி இல்லாத எவ்வெண்ணையும் 20ஆம் வலுவுக்கு உயர்த்தி 33ஆல் வகுப்பின் மீதி 1 என்பது தேற்றம். ஆகவே 33இலுஞ் சிறிய அத்தகைய எண்ணை 21ஆம் வலுவுக்கு உயர்த்தின் அவ்வெண்ணே மீதியாகும். 21 என்பது மும்முறை ஏழு. எனவே 33ஐயும் 3ஐயும் யாவர்க்கும் அறிவித்து, 7ஐ மறைத்து வைப்போம். நமக்கு 4 என்னுஞ் செய்தியை அனுப்புவோர் அதன் மூன்றாம் வலுவாகிய 64ஐ 33ஆல் வகுத்து மீதி 31ஐ அனுப்புவர். நாம் 31ஐ ஏழாம் வலுவுக்கு உயர்த்தி வகுக்க 4 மீளும். இது மறைகுறியாக்கம்.

இனிக் கையொப்பம். 4இனை நாம் ஏழாம் வலுவுக்கு உயர்த்த 16384. 33ஆல் வகுக்க மீதி 16. 4உடன் 16ஐயுஞ் சேர்த்து விடுப்போம். பெறுபவர் எவரும் 16இன் மூன்றாம் வலுவாகிய 4096ஐ 33ஆல் வகுத்து மீதி 4 எனக் காண்பர். 7ஐ உடையவரே இதனை ஆக்கியிருத்தல் கூடும். இடையில் எவரேனும் 4ஐ 5ஆக மாற்றின் கணக்குப் பொருந்தாது. மையாலிடும் ஒப்பம் எப்பத்திரத்திலும் ஒன்றே. இலக்கமுறைக் கையொப்பமோ பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும். ஆதலின் அதனைப் பெயர்த்தெடுத்து வேறொன்றில் ஒட்ட இயலாது. நடைமுறையில் நீண்ட பத்திரத்தின் சுருக்க எண்ணொன்றைக் கணித்து அதற்கே ஒப்பமிடுவர். நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியற் கையொப்பத்துக்கு இடமளித்தது.

33இன் காரணிகளைச் சிறுவருங் காண்பர். காணவே 7 வெளிப்படும். ஆனால் வழக்கில் உள்ள எண்கள் 617 இலக்கங்கள் கொண்டவை. அவற்றைக் காரணிப்படுத்தல் இன்றைய கணினிகளுக்கும் எட்டாத வேலை. வெளிப்படையாக அறிவிக்குந் திறவுகோலாகப் பெரிதும் வழங்கும் எண் 65537 என்பது இன்புறத்தக்கது. கோல்ட்பாக் வினாவிய வரிசையின் ஐந்தாம் எண் அதுவே.

எப்பூட்டும் என்றும் நிலைப்பதில்லை. குவாண்டங் கணினி போதிய ஆற்றல் பெறின் இப்பூட்டுத் திறக்கும் என்பது 1994இலேயே காட்டப்பட்டது. 2024இல் அமெரிக்காவில் வேறு கணிதத்தின் மீதமைந்த புதிய நியமங்கள் வெளியாகின. அக்கணிதமும் ஒருகாற் பயன் கருதாது ஆராயப்பட்டதே.

பரீட்சைக்கும் உத்தியோகத்துக்கும் உதவாதெனச் சில பாடங்களை ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகின்றது. பெற்றோரும் ஆசிரியரும் ஒயிலரின் வரலாற்றைச் சிந்தித்தல் வேண்டும். விதைத்தவர் காணாத கனியை ஏழு தலைமுறை கழித்து உலகம் உண்கின்றது. நம் கல்லூரி மாணவருள் எண்ணின்மீது காதல் கொண்ட ஒருவன் இருப்பின், இதனால் யாது பயன் என்று கேட்டு அவன் ஊக்கத்தைக் குலையாதிருப்போமாக.