பந்தைத் தொடாமல் தங்கம் வென்றவர்

கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் போதும். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு வழக்கில் வந்து நிற்கும். நம் கோஷ்டிக்கு இதுவரை வாய்த்த பயிற்சியாளர்களில் முதல்வர் யார்? இரண்டாமவர் யார்?

கல்கத்தாவில் இந்த வழக்கு வீட்டுக்கு வீடு உண்டு. ஈஸ்ட் பெங்கால் ரசிகர் பி.கே.பானர்ஜி என்பார். 1975-ல் ஐ.எப்.ஏ. கேடய இறுதிப் பந்தயத்தில் மோகன் பகானை 5-0 என்று வென்றபோது அவர்தான் பயிற்சியாளர். மறுதரப்பு அமல் தத்தாவின் பெயரைச் சொல்லும். 1997-ல் இந்த இருவரின் கோஷ்டிகளும் பெடரேஷன் கோப்பை அரை இறுதியில் மோதின. அதைக் காண ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள்.

ஆனால் பி.கே.பானர்ஜியிடமே இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் வேறு. அவர் தம் குருவின் பெயரைத்தான் சொல்லுவார். அந்தக் குருதான் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம்.

ஆயக்குடிச் சந்தைக்குக் கொய்யாப்பழம் கூடை கூடையாக வருகிறது. வாங்குகிறவர் பழத்தைத்தான் பார்க்கிறார். காலம் பார்த்துக் கவாத்து செய்து, தண்ணீர் பாய்ச்சிய கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சியாளரின் நிலையும் அதுதான். கோல் போட்டவர் பெயர் ஊரெல்லாம் பரவும். அவரை உருவாக்கியவர் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

ரகீம் அப்படி உட்கார்ந்திருந்தவர். ஆனால் அவர் காலத்தில் இந்தியா ஆசியாவிலேயே முதல் இடத்தில் நின்றது.

பள்ளிக்கூட வாத்தியார்

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். படிக்கும்போதே கால்பந்து ஆடினார். படிப்பு முடிந்ததும் அவர் தேடிக்கொண்டது ஆசிரியர் வேலை. பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலும் பட்டயம் பெற்றார்.

ஆசிரியர் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. வகுப்பில் கணக்கு வராத பையனை அடித்தால் கணக்கு வந்துவிடாது. எந்த இடத்தில் தடுக்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும். இதையே அவர் மைதானத்திலும் செய்தார்.

1943-ல் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டிக்குப் பயிற்சியாளராகவும் வந்தார்.

இடது காலுக்கு ஒரு போட்டி

அந்தக் காலத்தில் பந்து கிடைத்ததும் ஒருவரே அதை வைத்துக்கொண்டு, இரண்டு பேரை ஏமாற்றி, மூன்றாமவரிடம் பறிகொடுப்பது வழக்கம். கூட்டம் கைதட்டும். ஆனால் கோல் விழாது.

ரகீம் இதை மாற்ற ஒரு யுக்தி செய்தார். புதுமாதிரியான போட்டிகளை நடத்தினார். ஒரு போட்டியில் பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். வலது காலால் ஆடிப் பழகியவர் இடது காலால்தான் ஆட வேண்டும். இன்னொரு போட்டியில் யாரும் பந்தை உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது. பந்து வந்தால் உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும்.

வீரர்கள் முதலில் திண்டாடினார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். இரண்டு காலும் உதவும் ஆட்டக்காரனை எந்தப் பக்கம் தடுப்பது என்று எதிரிக்குத் தெரியாது. பந்தைச் சட்டென்று கைமாற்றும் கோஷ்டியை ஓடிப் பிடிக்கவும் முடியாது.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் போலீஸ் கோஷ்டி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. கோப்பை வேறு ஊருக்குப் போகவே இல்லை.

பத்து கோல் தோல்வி

1951-ல் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. இந்தியக் கோஷ்டியின் பயிற்சியாளர் ரகீம். இறுதிப் பந்தயத்தில் ஈரானை இந்தியா 1-0 என்று வென்று தங்கப்பதக்கம் பெற்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் சாகு மேவாலால்.

நாடே மகிழ்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது.

1952-ல் பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் போட்டி. அங்கே குளிர் அதிகம். நம் வீரர்களில் பெரும்பாலோர் நம் ஊர் வழக்கப்படி வெறுங்காலுடன் ஆடினார்கள். எதிரே நின்றது யுகோஸ்லாவியா. ஆட்டம் முடிந்தபோது அவர்களுக்குப் பத்து கோல். நமக்கு ஒன்று.

ஒரு பயிற்சியாளரின் தரம் இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும். தோற்ற கோஷ்டியின் தலைவர் குளிரின் மேல் பழி போடலாம். தலைவிதி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ரகீம் அந்தப் பத்து கோலையும் பாடமாக எடுத்துக்கொண்டார். இந்தத் தோல்விக்குப் பிறகு வீரர்கள் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விதி செய்தது. ஐரோப்பியர்கள் எப்படி ஆடுகிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை ரகீம் ஆராய்ந்தார்.

பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர் என்று வீரர்களை நிறுத்தும் முறையை 1958 உலகக் கோப்பையில் பிரேசில் உலகறியச் செய்தது. அந்த முறையை நம் வீரர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் ரகீம்தான்.

உலகில் நாலாவது இடம்

நாலு ஆண்டுகள் கழிந்தன. 1956-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் போட்டி.

இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே எதிர்த்தது. நெவில் டிசூசா என்ற வீரர் அன்று மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவரே. இந்தியா 4-2 என்று வென்று அரை இறுதிக்குப் போயிற்று. அதுவரை எந்த ஆசிய நாடும் அந்த இடத்தை எட்டியதில்லை.

அரை இறுதியில் மறுபடியும் யுகோஸ்லாவியா! பத்து கோல் போட்ட அதே நாடு. இம்முறை முதல் கோலை இந்தியாவே போட்டது. முடிவில் 4-1 என்று தோற்றாலும், அதைப் பழைய தோல்வியோடு சேர்த்துப் பேச யாருக்கும் மனம் வராது. மூன்றாவது இடத்துக்கான பந்தயத்தில் பல்கேரியா வென்றது. இந்தியாவுக்கு நாலாவது இடம் கிடைத்தது.

மகனுக்கும் சலுகை இல்லை

மெல்போர்ன் சென்ற கோஷ்டியில் துளசிதாஸ் பலராம் என்ற இளைஞர் இருந்தார். செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். ஏழை வீட்டுப் பிள்ளை. அவருடைய ஆட்டத்தைக் கண்டு கைதூக்கிவிட்டவர் ரகீம். பிற்காலத்தில் பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்கு அவர் உயர்ந்தார்.

1960-ல் ரோம் ஒலிம்பிக். தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜும் அந்தக் கோஷ்டியில் இருந்தார். பலம் மிகுந்த ஹங்கேரியிடம் இந்தியா 2-1 என்றுதான் தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமமாக ஆடியது.

அந்தக் கோஷ்டியில் ரகீமின் சொந்த மகன் சையத் சாகித் ஹக்கீமும் ஒருவர். தகப்பனார் பயிற்சியாளர். பிள்ளையை ஒரு ஆட்டத்திலாவது இறக்கிவிட அவருக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் ஹக்கீமுக்கு ரோமில் ஒரு பந்தயத்திலும் ஆட வாய்ப்பு கிடைக்கவில்லை. வீட்டு உறவு மைதானத்தின் கோட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பகை நிறைந்த மைதானம்

1962-ல் இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. இதற்குள் ரகீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. இருமலும் களைப்பும் அவரை வாட்டின. ஆயினும் கோஷ்டியோடு புறப்பட்டுப் போனார்.

அங்கே போன பிறகு இன்னொரு தொல்லை. இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா நாட்டுக்குள் அனுமதிக்கவில்லை. இது முறையல்ல என்று இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டு நிர்வாகி ஜி.டி.சோந்தி கண்டித்தார். உடனே ஜகார்த்தா மக்களின் கோபம் இந்தியர் மேல் திரும்பியது. இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. நம் வீரர்கள் போன பஸ்ஸில் சிலர் வெளியே தெரியாமல் தரையில் குனிந்து உட்கார்ந்து போக வேண்டியதாயிற்று.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று இந்தியா தோற்றது. பிறகு தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றது. ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னெயில் சிங்கின் தலை உடைந்தது. தையல் போட்டார்கள். கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்துவிட்டார். வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டு கோஷ்டிக்கு ஆடிப் பெயர் பெற்றவர் இந்தத் தங்கராஜ்.

வேறு யாராக இருந்தாலும் கட்டுப்போட்ட தலையோடு இருப்பவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரகீம் வேறு விதமாக யோசித்தார். பின்னால் நின்று ஓயாமல் தலையால் முட்டித் தடுக்கும் வேலை ஜர்னெயிலுக்கு இப்போது ஆகாது. ஆனால் உயரமும் பலமும் உள்ள அவர் முன்னால் நின்றால் எதிரி மிரளுவான். ஆகவே அவரை முன்வரிசைக்கு மாற்றினார்!

அரை இறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னெயில் போட்டது.

கேட்ட பரிசு

இறுதிப் பந்தயத்துக்கு முந்தின இரவு வீரர்களுக்குத் தூக்கம் வரவில்லை. ரகீம் அவர்களை அழைத்துப் பேசினார். திட்டமெல்லாம் முன்பே சொல்லியாகிவிட்டது. அன்று அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மறுநாள் தமக்கு ஒரு பரிசு வேண்டும். அது தங்கமாக இருக்க வேண்டும் என்றார். அவருடைய உடல்நிலை எப்படி என்பது வீரர்களுக்குக் கண்ணால் பார்த்தே தெரிந்திருந்தது.

1962 செப்டம்பர் 4. மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். எதிரே முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. நம் வீரர்கள் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சல் காதைத் துளைத்தது. ஆதரவுக் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஆசிய விழாவுக்கு வந்திருந்த பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்!

காய்ச்சல் நீங்கிய தங்கராஜ் கோல் முனையில் நின்றார். 17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி ஒரு கோல் போட்டார். மூன்றே நிமிடத்தில் ஜர்னெயில் சிங் இன்னொன்று போட்டார். தென்கொரியாவால் கடைசி நேரத்தில் ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது. தலைவர் சுனி கோஸ்வாமியின் கோஷ்டி 2-1 என்று வென்றது.

கேட்ட பரிசை வீரர்கள் கொடுத்துவிட்டார்கள்.

ரகீம் அதை நெடுநாள் வைத்து மகிழவில்லை. ஒன்பது மாதங்கள்தான் கழிந்தன. 1963 ஜூன் 11-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

யார் முதல்வர்?

அதன் பிறகு ஆசிய விளையாட்டு விழாக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் வந்தது. ஒலிம்பிக் கால்பந்திலோ 1960-க்குப் பிறகு இடமே கிடைக்கவில்லை.

சிறந்த பயிற்சியாளர்களுக்கு அரசு வழங்கும் துரோணாச்சாரியார் விருது 1985-ல்தான் தொடங்கப்பட்டது. அப்போது ரகீம் மறைந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கதை மைதான் என்ற இந்தித் திரைப்படமாக 2024-ல் வந்த பிறகுதான் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

பயிற்சியாளர்களை வரிசைப்படுத்தும் ரசிகர்கள் கோப்பைகளை எண்ணுவார்கள். அப்படி எண்ணினாலும் ரகீமுக்குக் குறைவில்லை. இரண்டு ஆசியத் தங்கம், ஐந்து ரோவர்ஸ் கோப்பை, ஒலிம்பிக்கில் நாலாவது இடம். ஆனால் நல்ல வீரர்கள் வாய்த்தால் கோப்பை வேறு சிலருக்கும் கிடைக்கும்.

தோற்ற நாளுக்குப் பிறகு ஒருவர் என்ன செய்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹெல்சிங்கியில் பத்து கோல் வாங்கியவர் நாலே ஆண்டில் மெல்போர்னில் அரை இறுதிக்குப் போனார். ஜகார்த்தாவில் முதல் நாள் தோற்ற எதிரியையே பத்தாம் நாள் வென்றார். அந்தக் கணக்கில் பார்த்தால், இந்தியாவில் அவருக்கு மேலே எழுத வேறு பெயர் இல்லை.