கார் விற்றவர் சினிமா எடுத்தார்!

தென்னாட்டின் முதல் பட முதலாளி நடராஜ முதலியாரின் கதை

பெரிய காஞ்சிபுரத்தில் பகல் எல்லாம் தறியின் ஓசை கேட்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் திரவுபதி அம்மன் திருவிழா வந்துவிட்டால், இரவெல்லாம் கூத்து மத்தளத்தின் ஓசை கேட்கும். பாரதக் கதை அங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். பாஞ்சாலி மீது தகாத ஆசை கொண்ட கீசகன், பீமன் கையால் மாண்ட கதையை விடிய விடியக் கண் விழித்துப் பார்ப்பார்கள்.

அந்தக் கதைதான் தென்னாட்டின் முதல் முழுநீள சினிமாப் படம் ஆயிற்று. அதை எடுத்தவர், காஞ்சிக்கு மேற்கே உள்ள வேலூரில் பிறந்தவர். அவர் பெயர் ஆர். நடராஜ முதலியார்.

சைக்கிள் வியாபாரம்

நடராஜ முதலியார் 1885-ம் ஆண்டு பிறந்தார். வாலிப வயதில் சென்னைக்கு வந்தார். உறவினர் தர்மலிங்க முதலியாருடன் கூட்டுச் சேர்ந்து, சைக்கிள் வியாபாரத்தில் இறங்கினார். வியாபாரம் வளர்ந்தது. பிறகு அமெரிக்கக் கார்களையும், அவற்றின் உதிரிப் பாகங்களையும் விற்றார். அந்தக் காலத்தில் ஒரு காரின் விலை சுமார் 1,000 ரூபாய்தான்!

கையில் பணம் இருந்தது. ஊரில் மதிப்பு இருந்தது. அந்தத் தொழிலிலேயே இருந்திருந்தால், கவலை இல்லாமல் காலம் கழித்திருக்கலாம். ஆனால் அவருடைய மனம் வேறு ஒன்றின் மீது சென்றது.

படம் பார்த்தார், மனதைப் பறிகொடுத்தார்

1895-ம் ஆண்டு பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் பொதுமக்களுக்குச் சினிமா காட்டினார்கள். அடுத்த ஆண்டே அது பம்பாய்க்கு வந்துவிட்டது. 1905-ம் ஆண்டு சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரெயில்வே ஊழியர், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக் கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார்.

ஆனால் அவை எல்லாம் வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்கள். 1913-ம் ஆண்டில்தான் தாதா சாகிப் பால்கே, “ராஜா அரிச்சந்திரா” படத்தை எடுத்து வெளியிட்டார். நம் நாட்டவரே நடித்து, நம் புராணக் கதையைச் சொன்ன படம் அது. பால்கேயின் படங்களைப் பார்த்த நடராஜ முதலியாருக்கு ஓர் ஆசை பிறந்தது. வடக்கே ஒருவரால் முடியுமானால், தெற்கே ஏன் முடியாது?

ஆசை இருந்தது. தொழில் தெரியாது. கற்றுக் கொடுக்கச் சென்னையில் ஆள் இல்லை. பூனா நகரில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளர் இருந்தார். வைசிராய் கர்சன் பிரபு பற்றிப் படம் பிடித்தவர் அவர். கார் வியாபாரி பெட்டியைக் கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போனார். அவரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்துக் காமிராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு வினாடிக்கு இரண்டு சுற்று. அதில் 16 படங்கள் பதியும். வேகமாகச் சுற்றினால் திரையில் நடிகர் ஆமைபோல் நகர்வார். மெதுவாகச் சுற்றினால் குதித்து ஓடுவார்! கை தவறினால் காட்சி கெட்டது. இந்த வித்தையை அவர் கற்றுக்கொண்டு திரும்பினார்.

மில்லர்ஸ் ரோடு பங்களா

1917-ம் ஆண்டு சென்னை புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஒரு பங்களாவில், “இந்தியா பிலிம் கம்பெனி” தொடங்கியது. தென்னாட்டின் முதல் ஸ்டூடியோ அதுதான்.

என்ன கதை எடுப்பது? நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரிடம் யோசனை கேட்டார். அவர் கீசகன் கதையைச் சொன்னார். உறவினர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிறர் மனைவியை விரும்பியவன் கதையையா முதல் முதலாக எடுப்பது என்று தடுத்தார்கள். நண்பர்களோ தைரியம் கொடுத்தார்கள். நடராஜ முதலியார் துணிந்துவிட்டார்.

கதையைப் படத்துக்கு ஏற்ற காட்சிகளாகப் பிரித்ததும் அவர்தான். பணம் போட்டதும், காமிராவைச் சுற்றியதும், படத்தை வெட்டி ஒட்டியதும் அவர்தான்! கீசகனாக ராஜு முதலியாரும், திரவுபதியாக ஜீவரத்தினமும் நடித்தார்கள்.

மின்சார விளக்கு வெளிச்சத்தில் படம் பிடிக்கும் வசதி அப்போது இல்லை. சூரிய வெளிச்சம்தான். மேலே கூரைக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். வெயில் அதன் வழியே இதமாக இறங்கியது. அந்த வெளிச்சத்தில் விராட மன்னனின் அரண்மனை உருவாயிற்று!

பிடித்த பிலிமைக் கழுவுவதற்கு அவர் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தார். குளிர்ந்த ஊரில் பிலிம் கெடாது என்பது அவர் எண்ணம். வாரக் கடைசியில் பிலிம் சுருளோடு பெங்களூருக்குப் போவார். அங்கே கழுவிய பிறகுதான், காட்சி நன்றாக வந்ததா என்பது தெரியும். அதுவரை மனதில் திக் திக்தான்.

15,000 ரூபாய் லாபம்

“கீசக வதம்” சுமார் 35 நாட்களில் முடிந்தது. நீளம் 6,000 அடி. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். செலவு 35,000 ரூபாய். கார் விலையோடு ஒப்பிட்டால், 35 கார்கள் வாங்கக்கூடிய பணம்! படம் ஓடாவிட்டால் அத்தனையும் போயிற்று.

பேசாத படம் அல்லவா? காட்சிகளுக்கு நடுவே எழுத்துகளைக் காட்டினார்கள். தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகளில் அவை இருந்தன. இந்தி வாசகங்களை எழுதியவர் காந்தி அடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. அந்தக் காலத்துக் கொட்டகைகளில், எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒருவர் நின்று உரக்கக் கதை சொல்வதும் உண்டு.

சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரில் படம் வெளியாயிற்று. மக்கள் திரண்டு வந்தார்கள். பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்கும் படம் போயிற்று. 50,000 ரூபாய் வசூல் ஆயிற்று. செலவு போக 15,000 ரூபாய் லாபம்!

அதன் பிறகு அவர் “திரவுபதி வஸ்திராபகரணம்”, “லவகுசா”, “ருக்மணி சத்தியபாமா”, “மார்க்கண்டேயா”, “மயில் ராவணன்” ஆகிய படங்களை எடுத்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள் நடிக்கக்கூடாது என்று மக்கள் நினைத்த காலம் அது. அதனால் பாஞ்சாலி வேடத்துக்கு ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண்ணை நடிக்க வைத்தார். பேசாத படம் என்பதால் மொழி ஒரு தடையாக இல்லை.

இரண்டு இடிகள்

1923-ம் ஆண்டுக்குள் அவர் தலையில் இரண்டு இடிகள் விழுந்தன. ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. அந்தக் காலத்துப் பிலிம், பஞ்சைப்போல் பற்றிக்கொள்ளும் நைட்ரேட் பிலிம். அதைவிடப் பெரிய இடி, அவருடைய மகனின் மரணம். எரிந்ததைத் திரும்பக் கட்டலாம். மகனைத் திரும்பப் பெற முடியுமா? மனம் உடைந்த நடராஜ முதலியார், படத் தொழிலை விட்டே விலகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 40 கூட நிறையவில்லை.

பிறகு நெடுங்காலம் வாழ்ந்தார். 1931-ம் ஆண்டு “காளிதாஸ்” வந்தது. தமிழ்ப் படம் பேசியது, பாடியது. சென்னை நகரம் ஸ்டூடியோக்களின் ஊராயிற்று. அவர் எல்லாவற்றையும் விலகி நின்று பார்த்தார். 80 வயதைத் தாண்டி, 1970-களின் தொடக்கத்தில் காலமானார்.

1964-ம் ஆண்டு, பழைய படங்களைக் காப்பாற்றி வைக்க மத்திய அரசு ஒரு காப்பகம் தொடங்கியது. நடராஜ முதலியார் தொழில் கற்ற அதே பூனாவில்தான் அது அமைந்தது. ஆனால் “கீசக வதம்” படத்தின் பிரதி எங்கும் கிடைக்கவில்லை.

காஞ்சி வட்டாரத்துக் கூத்து மேடையில் கீசகன் இன்றும் வருகிறான். பீமன் கையால் மடிகிறான். அவனை முதல் முதலாக வெள்ளித்திரையில் நடமாட விட்டவரின் பெயர் மட்டும், “தமிழ் சினிமாவின் தந்தை” என்ற பட்டத்தோடு மிஞ்சி நிற்கிறது.