அரவிந்தரும் ஆர்யா இதழும் (1914)

ஸ்ரீ அரவிந்தர் (ஆகஸ்டு 15, 1872 - டிசம்பர் 5, 1950) இந்திய விடுதலைப் போராட்டத் தலைவரும் மெய்யியலாளரும் யோகியும் ஆவார். கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் கல்வி கற்ற இவர், 1914 ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஆர்யா என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். இவருடைய முதன்மையான மெய்யியல் நூல்கள் பலவும் இவ்விதழில் தொடராக வெளிவந்தவையே.

பின்னணி

அலிப்பூர் குண்டு வழக்கில் 1908 இல் கைதான அரவிந்தர், ஓராண்டுச் சிறைவாசத்திற்குப் பின் விடுதலையானார். ஏப்ரல் 4, 1910 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். சுப்பிரமணிய பாரதியார், வ. வே. சு. ஐயர் ஆகியோரும் அக்காலத்தில் அங்கு அடைக்கலம் புகுந்திருந்தனர். இவர்களைப் பிரித்தானிய ஒற்றர்கள் கண்காணித்து வந்தனர். அரவிந்தர் நேரடி அரசியலிலிருந்து விலகி யோகத்தில் ஈடுபட்டார்.

இதழின் தொடக்கம்

பிரான்சிலிருந்து வந்த பால் ரிச்சர்டும் அவருடைய மனைவி மிர்ராவும் மார்ச் 29, 1914 அன்று அரவிந்தரைச் சந்தித்தனர். மெய்யியல் இதழ் ஒன்றை நடத்தலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் ரிச்சர்டு. மெய்யியலை முறையாகப் பயின்றிராத அரவிந்தர் அதற்கு இசைந்தார். ஆகஸ்டு 15 அன்று, அவருடைய 42 ஆவது பிறந்த நாளில், முதல் இதழ் வெளிவந்தது. பிரான்சு மீது செருமனி போர் அறிவித்து அப்பொழுது 12 நாட்களே ஆகியிருந்தன. போரின் காரணமாக 1915 பிப்ரவரியில் ரிச்சர்டு இணையர் பிரான்சு திரும்பினர். அதன்பின் மாதந்தோறும் 64 பக்கங்களை நிரப்பும் பொறுப்பு பெரும்பாலும் அரவிந்தர் ஒருவரையே சார்ந்தது.

மெய்யியல்

தி லைஃப் டிவைன், யோக சமன்வயம், வேத இரகசியம் ஆகிய மூன்று தொடர்களும் முதல் இதழிலேயே தொடங்கின. சடப்பொருள் மட்டுமே உண்மை என்னும் பொருள்முதல்வாதத்தையும், உலகம் வெறும் மாயை என்னும் துறவு நோக்கையும் அரவிந்தர் ஒருசேர மறுத்தார். சடப்பொருளிலிருந்து உயிரும், உயிரிலிருந்து மனமும் மலர்ந்தன. மனிதனின் மனம் இப்பரிணாமத்தின் இறுதிப்படி அன்று. அதற்கும் மேலான அதிமன நிலை வெளிப்பட வேண்டியுள்ளது என்பது அவரது கோட்பாடாகும். இதன்படி யோகத்தின் குறிக்கோள் உலகைத் துறப்பது அன்று, உலக வாழ்வையே மாற்றியமைப்பது ஆகும்.

பிற்காலம்

ஆர்யா 1921 சனவரி வரை வெளிவந்தது. 1920 இல் புதுச்சேரி திரும்பிய மிர்ரா, பின்னர் ஸ்ரீ அன்னை என அழைக்கப்பட்டார். 1926 இல் அரவிந்தர் ஆசிரமம் உருவானது. தி லைஃப் டிவைன் தொடர், அரவிந்தரால் திருத்தி விரிவாக்கப்பட்டு, 1939-40 இல் நூலாக வெளிவந்தது. ஆயினும் தாம் மெய்யியலாளர் அல்லர் என்றே அவர் பிற்காலத்தில் கூறிவந்தார். யோகத்தில் தாம் கண்டறிந்தவற்றை அறிவின் மொழியில் எடுத்துரைத்ததே தம் மெய்யியல் என்பது அவருடைய விளக்கம்.