ஜெயிலில் ஒரு கிறிஸ்துமஸ்: சீகன்பால்குவின் கதை தெரியுமா?

டிசம்பர் வந்தா போத்தனூர் ரயில்வே காலனிப் பக்கம் போய்ப் பாருங்க. வாசல்ல நட்சத்திரம் தொங்கும், கேக் வாசனை வரும், சர்ச்சில் இயேசு பிறந்த கதையைத் தமிழில் வாசிப்பாங்க. அந்தக் கதை தமிழில் அச்சாகி நம்ம கைக்கு வந்ததுக்குப் பின்னால, 300 வருஷத்துக்கு முந்தைய ஓர் இளைஞர் இருக்கார். பேரு பார்த்தலோமேயு சீகன்பால்கு. அவர் வாழ்க்கையை அஞ்சு கிறிஸ்துமஸ்ல சொல்லிடலாம்.

1706: ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பி வைக்க, நண்பர் புளூட்சாவோட ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே இருந்த டேனிஷ் கம்பெனிக்காரங்களுக்கு இவங்க வந்ததே பிடிக்கலை. இவர் என்ன செஞ்சார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட தரையில உட்கார்ந்து, மணல்ல விரலால 'அ, ஆ' எழுதினார். சொல்லிக்கொடுக்க வந்தவர் முதல்ல மாணவராத்தான் உட்கார்ந்தார். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் வந்தப்போ, தமிழோட அவருக்கு அஞ்சு மாசப் பழக்கம்.

1707: ஆகஸ்ட்டில் 'புதிய எருசலேம்' ஆலயம் திறந்தாச்சு. தமிழிலும் போர்ச்சுகீசிய மொழியிலும் ஆராதனை. அவர்கிட்ட முதன்முதலா ஞானஸ்நானம் வாங்கினவங்க, ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளா இருந்தவங்க. எஜமான்களுக்குத் தனி சர்ச் இருந்த ஊர்ல, இவங்களுக்குன்னு ஒரு சர்ச்சில் வந்த முதல் கிறிஸ்துமஸ் அது.

1708: இந்தக் கிறிஸ்துமஸ்தான் அவரைச் சோதிச்சது. கணவரை இழந்த ஒரு ஏழைத் தமிழ்ப் பெண்ணின் கடன் வழக்கில் அவருக்காகப் பேசினார் சீகன்பால்கு. டேனிஷ் கோட்டைத் தளபதி ஹாசியஸுக்குக் கோபம். நவம்பர்ல பிடிச்சு டேன்ஸ்பர்க் கோட்டைக்குள்ள அடைச்சுட்டாங்க. நாலு மாசத்துக்கும் மேல சிறை. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் உள்ளேயே. அவரோட மக்கள் கூடுற ஆலயம் கோட்டைக்கு வெளியே நடந்து போற தூரம்தான். ஆனா போக முடியாது. புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்க ஆரம்பிச்சதும் அதே வருஷம் அக்டோபர்லதான். வேலை பாதியில நின்னுச்சு.

விடுதலையானதும் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். கிளம்பலை. 1711-ல் மொழிபெயர்ப்பை முடிச்சார்.

1714: நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தரங்கம்பாடியிலேயே அச்சாச்சு. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து ரொம்பப் பெருசா இருந்ததால, இங்கேயே சின்ன எழுத்து வார்த்தாங்க. அடுத்த வருஷம் புதிய ஏற்பாடு முழுசும் தயார். இந்திய மொழிகளில் அதுதான் முதல். ஆனா அந்த 1714 கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் இங்கே இருந்துச்சு, அவர் இல்லை. ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார்.

1718: திரும்பி வந்து கட்டிய புது ஆலயம் அக்டோபர்ல திறந்தது. அந்தக் கிறிஸ்துமஸ்தான் அவருக்குக் கடைசி. 1719 பிப்ரவரி 23-ல் இறந்தார். வயசு 36. அந்த ஆலயத்துக்குள்ளயேதான் அடக்கம்.

ஒண்ணை மறைக்க வேண்டாம். அவர் மதம் பரப்பத்தான் வந்தார். ஆனா இங்குள்ள மக்களைப் புரிஞ்சுக்காம பேசக் கூடாதுன்னு நூத்துக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் படிச்சார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பத்தி ஒரு புத்தகமே எழுதி 1713-ல் ஜெர்மனிக்கு அனுப்பினார். இதைப் போய் அச்சடிப்பதான்னு அங்கே ஒதுக்கி வெச்சுட்டாங்க. அது வெளிவந்தது 1867-ல்!

நாளைக்கு நீங்களும் சேவைன்னு வெளிநாடு போய், அங்குள்ள மக்களோட கிறிஸ்துமஸ் கொண்டாடலாம். கேக், கிஃப்ட் எல்லாம் அப்புறம். முதல்ல அவங்க மொழியில நாலு வார்த்தை கத்துக்கோங்க, அவங்களுக்கு ஒரு பிரச்னைன்னா பக்கத்துல நில்லுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு லீவு நாள்ல, கோவையிலிருந்து மயிலாடுதுறை ஜன சதாப்தியைப் பிடிங்க. அங்கிருந்து தரங்கம்பாடிக்கு பஸ். ஆலயத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்ப் பாருங்க. 1708-ல் அவரால நடக்க முடியாமப்போன தூரம் எவ்வளவு சின்னதுன்னு தெரியும்.