லிங்கனைப் பெற்ற குடியானவர்

அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைத் தெரியாதவர் இருக்க மாட்டார். மரக்குடிசையில் பிறந்து வெள்ளை மாளிகைக்குப் போனவர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம்.

அந்தக் குடிசையில் குடும்பம் நடத்திய தகப்பனார் யார்?

அவர் பெயர் தாமஸ் லிங்கன். விவசாயி, தச்சு வேலையும் தெரிந்தவர். சோம்பேறி, ஓரிடத்தில் நிலைக்காமல் அலைந்தவர் என்று வெகு காலம் அவரைப் பற்றி எழுதி வந்தார்கள். பழைய பத்திரங்களையும் வரிக் கணக்குகளையும் புரட்டிப் பார்த்தபோது தெரிந்த மனிதர் வேறு.

நெசவு பழக வந்தவர்

லிங்கன் குடும்பத்தின் பூர்வீகம் இங்கிலாந்து. நார்போக் பகுதியைச் சேர்ந்த சாமுவேல் லிங்கன் 1637-ம் ஆண்டு கப்பலேறி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் போய்ச் சேர்ந்தார். அப்போது அவர் நெசவுத் தொழில் பழகும் பையன்.

அவருடைய வழிவந்தவர்கள் நிலம் தேடி நியூஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா என்று இடம் பெயர்ந்துகொண்டே இருந்தார்கள்.

தாமஸ் பிறந்தது வர்ஜீனியாவில், 1778-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. தந்தை பெயர் ஆபிரகாம். அமெரிக்க சுதந்திரப் போரின்போது வர்ஜீனியா ஊர்க்காவல் படையில் கேப்டனாக இருந்தவர். பிற்காலத்தில் ஜனாதிபதியானது இவருடைய பேரன். பாட்டனார் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள்.

கேப்டன் ஆபிரகாம் குடும்பத்தோடு கெண்டக்கிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 5 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் சேர்த்தார்.

துப்பாக்கிச் சத்தம்

அந்த மண்ணின் பூர்வ குடிகள் செவ்விந்தியர்கள். தங்கள் நிலம் பறிபோவதை எதிர்த்து அவர்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. 1786-ம் ஆண்டு வயலில் வேலை செய்துகொண்டிருந்த கேப்டன் ஆபிரகாம் சுட்டுக் கொல்லப்பட்டார். பக்கத்தில் நின்ற தாமசுக்கு வயது 8.

செவ்விந்தியர் ஒருவர் சிறுவனை நெருங்கியபோது, மூத்த அண்ணன் மோர்டெகாய் வீட்டுக்குள்ளிருந்து சுட்டுத் தம்பியைக் காப்பாற்றினார் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி.

உயிர் தப்பியது. சொத்து தப்பவில்லை.

தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்பது அன்றைய சட்டம். தாமஸ் கடைசி மகன். ஒரு காணி கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சட்டம் 1787-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒழிந்தது. சில மாதங்களில் அவருடைய விதி மாறிப்போனது.

கூலி வேலையும் தச்சு வேலையும்

சிறு வயதிலேயே கூலி வேலைக்குப் போனார் தாமஸ். படிப்பு இல்லை, பாடுபட்டுத் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். தச்சுத் தொழில் பழகினார். 1803-ம் ஆண்டு, 25 வயதில், சொந்தப் பணத்தில் 238 ஏக்கர் நிலம் வாங்கினார்.

1806-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி நான்சி ஹாங்க்ஸ் என்ற பெண்ணை மணந்தார். மறு வருடம் சாரா என்ற மகள் பிறந்தாள். 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி ஆபிரகாம் பிறந்தார். மூன்றாவதாகப் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்துவிட்டது.

பத்திரத்தில் வில்லங்கம்

கெண்டக்கியில் அப்போது நிலத்தை முறையாக அளந்து கல் நாட்டும் வழக்கம் இல்லை. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். தாமஸ் கெண்டக்கியில் வாங்கிய மூன்று நிலங்களிலும் வில்லங்கம். காசு கொடுத்து வாங்கிய மண்ணுக்காகக் கோர்ட்டு ஏறி இறங்கினார்.

1816-ம் ஆண்டு டிசம்பரில் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு இண்டியானாவுக்குப் புறப்பட்டார். அங்கே சர்க்காரே நிலத்தை அளந்து, ஏக்கர் 2 டாலர் விலையில் விற்றது. பட்டாவில் பழுது கிடையாது. அடிமை முறை கூடாது என்ற சபையைச் சேர்ந்தவர் தாமஸ்; அடிமை முறை இல்லாத மாநிலம் என்பதும் அங்கே போக ஒரு காரணம்.

நிலைகொள்ளாமல் அலைந்தார் என்று அவரைச் சொன்னவர்கள் இந்த வில்லங்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

தாமே செய்த சவப்பெட்டி

காட்டை வெட்டி நிலமாக்கினார். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அந்தப் பக்கம் ஒரு நோய் பரவியது. காட்டில் முளைக்கும் ஒரு விஷச் செடியை மேய்ந்த பசுவின் பாலைக் குடித்தவர்கள் இறந்தார்கள். காரணம் என்னவென்று அன்று யாருக்கும் விளங்கவில்லை.

1818-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி நான்சி காலமானார். வயது 34. ஊருக்கெல்லாம் மரவேலை செய்த தாமஸ், மனைவிக்குத் தாமே சவப்பெட்டி செய்தார்.

11 வயது மகள் சமைத்தாள். 9 வயது மகன் கோடரி பிடித்தான். ஒரு வருடம் இப்படியே போயிற்று.

1819-ம் ஆண்டு டிசம்பரில் தாமஸ் கெண்டக்கிக்குப் போய், முன்பே பழக்கமான ஒரு விதவையை மணந்து அழைத்து வந்தார். அவர் பெயரும் சாரா. அவருக்கு மூன்று பிள்ளைகள். மண்தரையாக இருந்த குடிசைக்கு அவர் பலகைத் தளம் போட வைத்தார். கதவு, ஜன்னல் வைக்கச் சொன்னார். மூத்தாள் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். சிறுவன் ஆபிரகாம் புத்தகம் படிப்பதற்குத் துணை நின்றவரும் இவரே.

தந்தையும் மகனும்

தந்தைக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. மகனை அக்கம் பக்கத்துப் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்பிக் கூலியைத் தாமஸ் வாங்கிக்கொண்டார். 21 வயது வரை மகனுடைய சம்பாத்தியம் தகப்பனுக்கே என்பது அந்நாளைய சட்டம். ஏட்டுக் கல்வியில் ஆசை வைத்த மகனுக்கு அது கசந்தது.

1828-ம் ஆண்டு மகள் சாரா பிரசவத்தில் இறந்தாள். 1830-ம் ஆண்டு குடும்பம் இல்லினாய்ஸ் மாநிலத்துக்குப் பெயர்ந்தது. மறு வருடமே ஆபிரகாம் தனியே பிரிந்து போனார்.

வக்கீலாக உயர்ந்த பிறகு மகன் உதவாமல் இல்லை. 1841-ம் ஆண்டு 200 டாலர் கொடுத்துத் தந்தையின் 40 ஏக்கரை வாங்கி, பெற்றோர் உயிரோடு உள்ளவரை அதை அனுபவிக்க விட்டார். 1848-ம் ஆண்டு, நிலம் ஏலத்துக்குப் போகாமலிருக்க 20 டாலர் அனுப்பினார். பணம் போயிற்று, மனம் நெருங்கவில்லை.

1851-ம் ஆண்டு ஜனவரியில் தந்தை சாகக் கிடக்கிறார் என்று தகவல் வந்தது. மனைவி பிரசவித்துச் சில வாரங்களே ஆகி, உடல்நலமில்லாமல் இருந்தார். தம்மால் வர இயலாது என்றும், சந்தித்தாலும் மகிழ்ச்சியைவிட வேதனையே மிஞ்சும் என்றும் லிங்கன் கடிதம் எழுதினார். ஜனவரி 17-ந் தேதி, 73-வது வயதில், தாமஸ் கண்ணை மூடினார். ஒரு பிடி மண் போட மகன் வரவில்லை.

ஊரை விட்டு வந்து பிழைப்பவர்களுக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது நெஞ்சில் ஏதோ இடறும்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1853-ம் ஆண்டு ஏப்ரலில், லிங்கனுக்கு நான்காவது மகன் பிறந்தான். அவனுக்குத் தாமஸ் என்று தம் தந்தையின் பெயரை வைத்தார்.

1861-ம் ஆண்டு ஜனாதிபதியாகப் பதவியேற்க வாஷிங்டன் புறப்படும் முன், மாற்றாந்தாயைப் பார்க்கப் போனார். அப்படியே தந்தையின் கல்லறைக்கும் சென்று நின்றார். தந்தை இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது.