பச்சையப்பர் விட்டுச்சென்ற அறம்

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டு சென்னைக்கு அருகிலுள்ள பெரியபாளையத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை விசுவநாத முதலியார் காலமானார். ஆதரவற்ற தாய் பூச்சியம்மாள் பிள்ளைகளுடன் சென்னைக்கு வந்தார். அங்கே நாராயண பிள்ளை என்னும் துபாஷி அக்குடும்பத்துக்கு அடைக்கலம் தந்து, பச்சையப்பருக்குக் கல்வியும் வணிகமும் கற்பித்தார்.

இரு மொழி அறிந்து, ஆங்கிலேயருக்கும் நம் நாட்டாருக்கும் இடையே பேசி வணிகம் முடிப்பவரே துபாஷி. வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசும் மைசூரு ஹெப்பாள் சிறுவர்க்கு இத்திறனின் பயன் எளிதில் விளங்கும். பச்சையப்பரும் துபாஷியாகிப் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டியதைக் கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் வழங்கினார்.

நோயுற்றபோது, 1794 மார்ச் 22 அன்று, தம் செல்வத்தை அறப்பணிகளுக்கு உரிமையாக்கி உயில் எழுதினார். அதை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடமே ஒப்படைத்தார். ஒன்பது நாள்களுக்குப் பின் திருவையாற்றில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 40.

உயில் இருந்தது, ஆனால் அறம் நடைபெறவில்லை. சொத்தைக் குறித்து வழக்குகள் எழுந்தன. பொறுப்பு பலர் கைக்கு மாறியது. ஏழைகளுக்கு உரிய பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. இத்தகைய தீங்கு பிற நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்துச் சிற்றூர்களில் ஏழைகளுக்கென எழுதிவைத்த கொடைகள் தவறான கைகளில் சிக்கியதால், அவற்றை விசாரிக்க 1601-ஆம் ஆண்டிலேயே அங்குச் சட்டம் இயற்றப்பட்டது.

சென்னையில் அரசுத் தலைமை வழக்குரைஞர் சர் ஹெர்பர்ட் காம்ப்டன் இவ்வறநிதியை மீட்க முனைந்தார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் நார்ட்டன் அம்முயற்சியைத் தொடர்ந்தார். கோயில் அறங்களுக்கு உரியது ஒதுக்கப்பட்டது; வழக்கு நடந்த காலத்தில் வட்டியால் பெருகி எஞ்சிய தொகை கல்விக்கு அளிக்கப்பட்டது. 1842 சனவரி 1 அன்று பச்சையப்பர் பெயரால் சென்னையில் பள்ளி தொடங்கியது. அது 1889-இல் கல்லூரியாக உயர்ந்தது. கணித மேதை இராமானுசனும் அறிஞர் அண்ணாவும் அங்குப் பயின்றனர்.

கொடுத்தவர் பச்சையப்பர். காத்தவர்களோ அவரை நேரில் கண்டறியாதவர்கள். கொடுப்பது போலவே, கொடுத்ததைக் காப்பதும் அறமே.

அருஞ்சொற்பொருள்
அடைக்கலம் – பாதுகாப்பு
ஈட்டுதல் – உழைத்துச் சேர்த்தல்
உயில் – இறப்புக்குப் பின் சொத்து யாருக்கு என எழுதும் ஆவணம்

பயிற்சி
1. துபாஷி என்பவர் யார்?
2. உயில் எழுதியும் அறம் நடைபெறாமல் போனது ஏன்?
3. பச்சையப்பர் மறைந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பின் பள்ளி தொடங்கியது? கணக்கிடுக.
4. ஹெப்பாளில் அல்லது மைசூரில் நன்கொடையால் நடைபெறும் பள்ளி, மருத்துவமனை, அன்னதானக்கூடம் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.